ஆடி மாத வாடகை

வீட்டு புரோக்கர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், நான் மெல்ல எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். வாங்கக் கூடாத வாடகையை வாங்கிவிட்டார் என்று ஒரு புரோக்கர் மீது பழி வந்தபோது, அதைத் தீர்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டு சுவரில் தொங்கிய பெல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். அந்த ஆள் நான்தான். மொத்தம் நாற்பத்தொரு பெல்ட்டுகள் இருந்தன.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் வேலை (இன்றைக்கும் அங்கேதான், நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது). யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவதுதான் உத்தியோகம். மில் பஸ் பஞ்சர் ஆகிப் பத்து நிமிடம் தாமதமாக வந்தவர்களிடம்கூட, "உண்மையான காரணத்தைச் சொல்லுங்க" என்று கேட்பேன். நேர்மையைப் பற்றி நான் அந்த வயதில் பேசியதையெல்லாம் இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

ஆனி மாதத்தில் கல்யாணம் நடந்தது. கயல்விழிக்கு வத்தலக்குண்டு பக்கம் சேவுகம்பட்டி. அவள் அப்பா, அதாவது என் மாமனார், சம்பங்கியும் தென்னையும் வைத்திருந்த விவசாயி. அவரிடம் ஒரே ஒரு கொள்கை உண்டு. "கண்ணால பாக்காம நான் எதையும் நம்ப மாட்டேன் மாப்ள" என்பார். கல்யாணத்துக்கு லட்டு பிடிக்கும்போது சமையல்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடைசி லட்டு வரைக்கும் பார்த்தவர். மாப்பிள்ளையாகிய என்னைப் பற்றி விசாரிக்க, எனக்கே தெரியாமல் மில் வாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறார். நான் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னாராம்.

வேடசந்தூரில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். அறைகள் இரண்டுதான். கல்யாணம் ஆன முதல் மூன்று வாரத்தில் நானும் கயலும் தனியாகப் பேசிக்கொண்டது, ரேஷன் கடைக்குப் போகிற வழியில்தான். அதனால் திண்டுக்கல் டவுனில் வாடகைக்கு வீடு பார்ப்பது என்று முடிவானது. கயல் போட்டித்தேர்வு வகுப்பில் சேர வேண்டும் என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம்.

அப்படித்தான் யூசுப் பாய் எங்களுக்கு வாய்த்தார். பேகம்பூரில் பெல்ட், பை, பர்ஸ் விற்கிற சின்னத் தோல் கடை அவருடையது. கூடவே வீட்டு புரோக்கர் தொழில். ஊரில் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு அவரே வாடகை வசூலித்து அனுப்பியும் வைப்பார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகையில் ஆணி அடித்து வீட்டுச் சாவிகளை மாட்டியிருப்பார். ஒவ்வொரு சாவியிலும் மிச்சத் தோலில் வெட்டிய ஒரு துண்டு தொங்கும். அதில் தெருப் பெயரும் கதவு எண்ணும் எழுதியிருக்கும். குறைவாகப் பேசுகிற மனிதர். புரோக்கர் குறைவாகப் பேசினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று என் அண்ணன் சந்தேகப்பட்டான்.

நாகல் நகரில் அவர் காட்டிய வீடு எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. தரைத்தளம், முன்பக்கம் தெரு, பின்பக்கம் துவைகல்லும் ஒரு சின்னச் சந்தும். வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் மகனோடு இருந்தார். ஆடி பிறக்க நான்கு நாள்தான் இருந்தது. ஆடியில் யாரும் புது வீட்டுக்குப் போவதில்லை என்பதால், ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட்டு, வீட்டைப் பூட்டிவைத்து, ஆவணியில் சாமான்களோடு வருவது என்று ஏற்பாடு. புதுப் பெண்ணை முதல் ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்வதும் வழக்கம். ஆடியில் ஒன்றாக இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்களுக்குப் பயம். ஆகவே கயல் சேவுகம்பட்டியில், நான் வேடசந்தூரில், வீடு நடுவில் திண்டுக்கல்லில்.

பால் காய்ச்சிய அன்று யூசுப் பாயும் வந்திருந்தார். டம்ளரில் பாலை வாங்கிக்கொண்டே என் மாமனாரிடம் சொன்னார்: "ஆடி மாச வாடகை வேணாம்ணே. பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு வாடகை வாங்குறது எனக்குப் பிடிக்காது. ஓனர்ட்ட பேசிட்டேன். ஆவணியிலேர்ந்து குடுங்க, போதும்."

மாமனாருக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில், புது வீட்டுக்கென்று அவர் வாங்கி வந்திருந்த பெரிய மாங்காய்ப் பூட்டை அவரே வாசல் கதவில் போட்டார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார். சாவிகள் இரண்டையும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "ஆவணி ஒண்ணாந்தேதி நானே வந்து தெறக்குறேன்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

ஆடி ஒன்றாம் தேதி சேவுகம்பட்டியில் எனக்குத் தலைவாழை இலை போட்டு விருந்து வைத்தார்கள். நான்கு வகை வெஞ்சனம், வடை, பாயசம். சாப்பிட்டு முடித்ததும் ஒரு தூக்குவாளியில் பலகாரம் கொடுத்து வேடசந்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கயல் வாசல்படியில் நின்று கையசைத்தாள். அந்தத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்த பார்வையில், கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கேட்காமலேயே கொடுத்தார்.

முதல் வாரம் எப்படியோ போயிற்று. இரண்டாவது வாரம் மில்லில் வருகைப் பதிவேட்டில், ஸ்பின்னிங் பிரிவில், அப்படி ஒரு தொழிலாளியே இல்லாதபோது 'கயல்விழி' என்று எழுதி வருகையும் போட்டுவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, "யாருப்பா இது? லீவே போடாம வருது?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே யூசுப் பாய் கடையில் போய் நின்றேன்.

"பாய், நாகல் நகர் வீட்டுச் சாவி ஒண்ணு வேணும்."

"அதான் ஒங்க மாமனார் கொண்டு போயிட்டாரே."

"பின்கதவுச் சாவி."

பாய் தோல் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன் (அந்தச் சுவரோடு என் உறவு அன்றைக்கே தொடங்கிவிட்டது). கயலுக்குப் புதன்கிழமை தோறும் திண்டுக்கல்லில் வகுப்பு என்றும், எனக்கும் புதன்கிழமை வார விடுமுறை என்றும், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே எவ்வளவு நேரம்தான் பேசுவது என்றும் ஏதேதோ உளறினேன்.

"சாவி தாரேன் தம்பி" என்றார். "ஆனா ஆள் பொழங்குனா வாடகை உண்டு. பொழங்குற வீட்டப் பூட்டிக் கெடக்குன்னு ஓனர்ட்ட என்னால சொல்ல முடியாது."

"முழு மாசத்துக்குமா பாய்? புதன்கிழமை மட்டுந்தான்..."

"புதன்கிழமைக்கு மட்டும் வாடகைக்கு விட நான் என்ன லாட்ஜா நடத்துறேன்?"

ஆறாயிரத்து ஐந்நூறையும் எண்ணிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கொடுத்த பணம் வேறு இல்லை. பாய் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, 'ஆடி மாத வாடகை பெற்றுக்கொண்டேன்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். "எங்கிட்டேர்ந்து வெளிய போகாது. வாக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அவர் பேசவே இல்லை.

மூன்று புதன்கிழமைகள் கிடைத்தன. மூன்றாவது புதன்கிழமையைத்தான் சொல்ல வேண்டும். மணி பன்னிரண்டு இருக்கும். முன்கதவில் மாமனாரின் பூட்டு பத்திரமாகத் தொங்க, நாங்கள் பின்பக்கமாக வந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, தரையில் செய்தித்தாளை விரித்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தோம். முதல் வாய் வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பிறகு பூட்டை இழுக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்று முறை இழுப்பவர் இந்த ஜில்லாவில் ஒருவர்தான். கயல் கையில் எடுத்த கோழித் துண்டோடு அப்படியே உறைந்துபோனாள். பம்பு செட்டுக்கு ஏதோ சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், வந்ததும் வந்தோம் என்று வீட்டையும் ஒரு பார்வை பார்க்க வந்திருக்கிறார். சாவி மட்டும் அவர் மடியில் இருந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன். நல்லவேளை, அது சேவுகம்பட்டியில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. செத்த நேரம் நின்றார். தொண்டையைச் செருமினார். போய்விட்டார். நாங்கள் அரை மணி நேரம் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. பிரியாணி ஆறிப்போயிற்று. அதற்கப்புறம் கயலுக்குச் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஆவணி பிறந்தது. மாமனார் வந்து பூட்டைத் திறந்தார். சாமான்கள் வந்தன, குடித்தனம் ஆரம்பமாயிற்று. உலகத்தையே ஏமாற்றிவிட்ட தைரியத்தில் நான் மிதந்துகொண்டிருந்தேன். அந்த மிதப்பில்தான் ஆடி மாத ரசீதையும் மற்ற ரசீதுகளோடு சேர்த்துச் சமையலறைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். எல்லாத் தாளையும் வரிசையாக வைக்க வேண்டும் என்பது டைம் ஆபீஸ் புத்தி. திருடப் போன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த கெட்டிக்காரன் நான்.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் இரண்டு சாக்குத் தேங்காயோடு வந்தார். கயல் காபி போடுகிற நேரத்தில் கம்பியில் இருந்த தாள்களைப் புரட்டினார். எந்தத் தாளையும் படிக்காமல் விடுகிற மனிதர் இல்லை.

"என்ன மாப்ள இது? ஆடி மாச வாடகைன்னு போட்டிருக்கு?"

நான் ஒரு காரணத்தைத் தேடி எடுப்பதற்குள் அவரே முடிவுக்கும் வந்துவிட்டார்.

"வேணாம்னு எங்க எல்லாருக்கும் முன்னாடி சொன்னாரே! நீங்க மில்லுக்குப் போற அவசரத்துல கேட்டதக் குடுத்துட்டு வந்துட்டீங்க, அதான? பூட்டிக் கெடந்த வீட்டுக்கு வாடகையா? நானே ஆடியில ஒரு புதன்கிழமை நேர்ல வந்து பூட்ட இழுத்துப் பாத்தேன் மாப்ள. ஈ காக்கா இல்ல. பக்கத்து வீட்டுல யாரோ பிரியாணி செஞ்சிருந்தாக, அந்த வாசந்தான் இங்கன வரைக்கும் அடிச்சுது. கெளம்புங்க, இப்பவே போவோம்."

சமையலறையில் டம்ளர் விழுந்து உருண்டது.

கடையில் பாய் ஒரு கணவன் மனைவிக்கு வீட்டுச் சாவிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். வத்தலக்குண்டிலிருந்து வந்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மாமனார் ரசீதை மேஜையில் வைத்தார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. ஆடிக்கு வாடகை வேணாம்னு சொன்னது நீங்கதான?"

"ஆமாண்ணே."

"பெறகு இது என்ன?"

பாய் ரசீதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. 'நீங்களே சொல்லிவிடுங்கள்' என்பது போலக் காத்திருந்தார். அந்த நேரம் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். 'மாமா, நான்தான் கொடுத்தேன், காரணம் இருக்கிறது' என்றால்கூட முடிந்திருக்கும். ஆனால் காரணம் என்ன என்று அவர் கேட்பாரே? கல்யாணமான பெண்டாட்டியைப் பார்த்ததைச் சொல்ல எனக்கு அப்படி ஒரு வெட்கம். கொலை செய்திருந்தால்கூட இன்னும் சுலபமாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

"தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார் பாய்.

பெல்ட்டுகளை எண்ண ஆரம்பித்திருந்தேன். பதினேழில் நிறுத்தி, "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல பாய்... கேட்டீங்க, குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டிலிருந்து தொடர்ந்தேன்.

ஐந்து நிமிடத் தாமதத்துக்குப் பேரேடு எழுதுகிறவனுக்கு ஞாபகம் இல்லையாம். பாய் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோனது எனக்குத் தெரிந்தது. அவர் வாக்குக் கொடுத்திருந்தார், அதனால் பேசவில்லை. கல்லாவைத் திறந்து ஆறாயிரத்து ஐந்நூறை எண்ணி வைத்தார். அந்த மாத வாடகை அப்போதே கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருக்கும். இது அவருடைய சொந்தப் பணம்.

"இந்தாங்கண்ணே. எடுத்துக்கங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மாமனாரோ நிறைய சொன்னார். நம்பிக்கை பற்றி, வெள்ளந்தியான பிள்ளைகள் பற்றி. வீடு பார்க்க வந்திருந்த அந்த அம்மா கணவரின் சட்டையை மெல்ல இழுத்தார். இருவரும் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். வழியில் மாமனார் பணத்தை என் சட்டைப் பையில் வைத்து, "ஏமாந்துராதீங்க மாப்ள. நான் இருக்கேன்ல" என்று முதுகில் தட்டினார். பாசமாகத்தான் தட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கயலிடம் சொன்னேன்.

"அந்த மனுசன் நமக்காகப் பேசாம இருந்தாரு. நீங்க பேசிக் கெடுத்துட்டீங்க" என்றாள்.

"நீயே அப்பாட்ட சொல்லேன்."

"நானா? எங்கப்பாட்ட நான் எப்படிங்க இதச் சொல்றது?"

கோழை என்ற முறையில் நாங்கள் பொருத்தமான ஜோடி. ஆனால் அவள் அடுத்த இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அடுத்த வாரம் பணத்தை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் கவரைத் தொடவில்லை.

"பணம் பெரிசில்ல தம்பி. அன்னைக்கு வந்த பார்ட்டி போயிருச்சு. ஒங்க மாமனார் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில சொல்லிட்டாராம். அந்தப் பக்கத்து ஆளுக இப்ப வீடு கேட்டு எங்கிட்ட வர்றதில்ல. இத வாங்கிக் கல்லாவுல போட்டா அது சரியாயிருமா?"

"நீங்களே உண்மையச் சொல்லிருங்க பாய். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நான் வாக்குக் குடுத்துருக்கேன். நீங்கதான் யாருக்கும் குடுக்கல" என்றார் அமைதியாக. "அவரு கையால வாங்குனாருல்ல, அவரு கையால குடுக்கட்டும். அப்ப வாங்கிக்கிறேன்."

அந்தக் கவர் எங்கள் பீரோவில் கயலின் கல்யாணப் புடவைக்கு அடியில் ஐந்து மாதத்துக்கு மேல் கிடந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் இரண்டு முறை சேவுகம்பட்டிக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது வசனமெல்லாம் சரியாக வரும். 'மாமா, ஒரு விஷயம்...' அங்கே போனதும் மாமனார் இளநீர் வெட்டிக் கொடுப்பார். குடித்துவிட்டுத் தேங்காயோடு திரும்பி வருவேன். பாய் ஒவ்வொரு மாதமும் வாடகையை வாங்கி ரசீது எழுதிக் கொடுத்தார். "நல்லா இருக்கீங்களா தம்பி" என்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

இதற்கிடையில் கயல் உண்டாகியிருந்தாள். புரட்டாசியில் அது தெரிந்தபோது அத்தை, அதாவது என் மாமியார், கயலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாராம். மாமனாரோ பேரனா பேத்தியா என்ற ஆனந்தத்தில் மாதக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. அது பெண்கள் சமாசாரம் என்று விட்டுவிட்டார்.

மாசியில் எங்கள் வாடகை வீட்டிலேயே வளைகாப்பு. நாற்பது பேர் இருக்கும். கயல், என்னிடம் சொல்லாமலே, யூசுப் பாயை நேரில் போய் அழைத்திருந்தாள். அவர் தன் வீட்டம்மா கொடுத்தனுப்பிய ஒரு டஜன் கண்ணாடி வளையல்களோடு வந்தார். மாமனார் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாய் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல ஒரு ஓரமாக உட்கார்ந்து, தட்டில் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட ஆரம்பித்தார்.

வளையல் அடுக்கிக்கொண்டிருந்த கயலின் பெரியம்மா கேட்டார்: "டாக்டரம்மா எப்பத் தேதி குடுத்துருக்கு?"

"சித்திரை பத்துக்கு மேலன்னு சொன்னாங்க பெரியம்மா."

பெரியம்மாவுக்கு எதையும் விரல் விட்டு எண்ணாமல் இருக்க முடியாது. குரலும் பெரிது.

"சித்திரை, பங்குனி, மாசி, தை, மார்கழி..." ஒரு கை முடிந்தது. "கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி, ஆவணி..." கடைசி விரலில் வந்து நின்றார். மடக்கிய விரலையே பார்த்தார். "ஆடியில்ல வருது?"

அத்தை குனிந்து சந்தனக் கிண்ணத்தில் இல்லாத தூசியைத் துடைத்தார். மாமனார் எழுந்து நின்றார்.

"அதெப்படி ஆடி? ஆடியில புள்ள எங்கிட்டல்ல இருந்துச்சு? இந்த வீடு பூட்டில்ல கெடந்துச்சு? நான்தான் கண்ணால பாத்தேனே!"

நான் பாயைப் பார்த்தேன். அவர் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லி, ஐந்து மாத அவமானத்தையும் அந்த இடத்திலேயே அவர் துடைத்திருக்கலாம். வாய் நிறையப் புளியோதரையை வைத்துக்கொண்டு இப்போதும் எனக்காகப் பேசாமல் இருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் பெல்ட்டை எண்ண முடியவில்லை. (எங்கள் வீட்டில் பெல்ட்டும் கிடையாது.)

"மாமா, நீங்க பாத்தது முன்பக்கத்துப் பூட்ட" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "நாங்க பின்கதவு வழியா வந்தோம். பாய்ட்ட நாந்தான் சாவி வாங்குனேன். ஆள் பொழங்குனா வாடகை உண்டுன்னு சொல்லி வாங்குனாரு. அவரு வாங்குனது சரிதான். அன்னைக்குக் கடையில ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய்."

மாமனார் எதையோ நினைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சந்தேகம் உதித்தது.

"அப்ப அந்தப் பிரியாணி...?"

"நாங்கதான் மாமா."

முதலில் சிரித்தது அத்தை. அப்புறம் அந்தக் கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியம்மா மடக்கிய விரலைப் பிரிக்க மறந்து சிரித்தார். கயல் இரண்டு கை வளையலாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தரை பிளந்து என்னை விழுங்காதா என்று நான் பார்த்தேன், அது நடக்கவில்லை. சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் பாய். இன்னொருவர் மாமனார்.

அவர் நேராகப் பாயிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார். "பாய், அம்புட்டுப் பேசினேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். "என் மக மானத்தக் காப்பாத்துனவரப் போயி..."

"சாப்டுங்கண்ணே மொதல்ல" என்றார் பாய்.

மறுநாள் காலையில் மாமனார் என்னையும் அந்தக் கவரையும் கூட்டிக்கொண்டு பேகம்பூர் போனார். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை என்று பதினைந்து நிமிடம் வெளியே நின்றார். இரண்டு பேர் பெல்ட் வாங்க வந்த பிறகுதான் உள்ளே போய், எல்லாரும் கேட்கிற மாதிரி, "நான் தப்பாப் பேசிட்டேன் பாய், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி இரண்டு கையாலும் கவரைக் கொடுத்தார். பாய் வாங்கி, ஒரு தாள் விடாமல் எண்ணிவிட்டு, ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். 'ஆடி மாத வாடகை பெற்றுக்கொண்டேன்.' எழுதி என்னிடம் நீட்டினார். "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் பாயின் பேரைக் கெடுத்தது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், அதனால் அங்கேயேதான் மீட்க வேண்டும் என்பது மாமனாரின் நியாயம். அதே டீக்கடையில் உட்கார்ந்து, முன்பு யார் யாரிடம் சொன்னாரோ அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, ஆரம்பத்திலிருந்து முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். பூட்டு, பின்கதவு, புதன்கிழமை, பிரியாணி, பெரியம்மா விரல், ஒன்றையும் விடவில்லை. பாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். எனக்கு வத்தலக்குண்டில் இறங்க முடியாமல் போயிற்று. முன்பின் தெரியாத ஒரு பூக்கடைக்காரர், "நீங்கதான அந்தப் பின்கதவு மாப்ள?" என்று கேட்டு அரை முழம் மல்லிகையை இலவசமாகக் கொடுத்தார்.

யாழினி சித்திரை வெயிலில், ஊரே கொதித்த ஒரு மத்தியானம் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. அதே வீட்டில்தான் இருக்கிறோம். வாடகை இரண்டு முறை ஏறியிருக்கிறது. மில்லில் தாமதமாக வருகிறவர்களிடம் நான் இப்போது காரணம் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் மாமனார் எதையாவது அடித்துச் சொல்லி, "நானே கண்ணால பாத்தேன்" என்று முடித்தால், அத்தை எங்கிருந்தாலும் குரல் கொடுப்பார்: "பின்கதவப் பாத்தீகளா?" மாமனார் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

போன மாதம் யாழினி பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள் என்று ஃபைலைக் குடைந்தாள். சான்றிதழோடு சேர்த்துப் பின் போட்டிருந்த பழைய ரசீதை எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்திருந்த தாத்தாவிடம் ஓடினாள்.

"தாத்தா, இது எதுக்கு என் சர்ட்டிபிகேட்டோட இருக்கு? வாடகை ரசீதுதான இது?"

மாமனார் ரசீதைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் முறை பார்ப்பவர் போல முழுவதும் படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தேன்.

"ஆமா கண்ணு" என்றார். "ஒங்கப்பன் ஒனக்காகக் கட்டுன மொத வாடகை. நான் தெரியாம அதத் திருப்பிக் கேட்டுட்டேன்."